மாலா, அனிலிஸ்ட்டா, அனிடிபியா: பார்த்த அனிமேக்கு எங்கே கணக்கு வைப்பது?

கேள்வி கோபிசெட்டிபாளையத்துத் தம்பி ஒருவருடையது. இப்போது கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறார். சின்ன வயதில் டிவியில் தமிழ் டப்பில் பார்த்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்கள், இப்போது ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவை, ஹார்டு டிஸ்க்கில் கிடப்பவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிய வேண்டும். மை அனிமே லிஸ்ட், அனிலிஸ்ட், கிட்சு, அனிடிபி என்று இதற்கான தளங்கள் உண்டு, இதில் எது சரி, பிறகு மனம் மாறினால் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போக முடியுமா என்பது அவர் கேள்வி.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றாடக் கணக்கை அனிலிஸ்ட்டில் வையுங்க. அதன் நகல் ஒன்று மை அனிமே லிஸ்ட்டில் (எல்லாரும் ‘மால்’ என்பது இதைத்தான்) இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்கில் கோப்புகள் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தால் மட்டும் அனிடிபி பக்கம் போங்க. தமிழ்ப் படம், வெப் சீரிஸ், அனிமே மூன்றையும் ஒரே பட்டியலில் பார்க்க வேண்டும் என்றால்தான் சிம்கல் அல்லது டிராக்ட் என்ற தளங்கள். கிட்சு மோசமில்லை, ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைச் சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பெரும்பாலோர் தளத்தின் தோற்றத்தையும் அதில் வரும் மதிப்பெண்ணையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் பின்னால் தொந்தரவு தராது. தொந்தரவு தருபவை வேறு இரண்டு: ஒரு தொடரை அந்தத் தளம் எத்தனை துண்டாகப் பிரித்து எண்ணுகிறது, உங்கள் பட்டியலை வெளியே எடுக்க வழி வைத்திருக்கிறதா.

முதலில் பிரிப்பு. மால், அனிலிஸ்ட், கிட்சு, அனிடிபி எல்லாமே ஜப்பானில் ஒளிபரப்பான விதத்தைப் பின்பற்றுகின்றன. நடுவே இடைவெளி விட்டு வந்தால் அது பெரும்பாலும் தனிப் பதிவு. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியையும் கிழங்கையும் தனித்தனியாகக் குவித்து விலை பேசுவது மாதிரி, ஒரே தொடரின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எண்ணிக்கை, தனி மதிப்பெண். ஸ்ட்ரீமிங் ஆப்கள் அப்படிச் செய்வதில்லை. ஸ்பை எக்ஸ் ஃபேமிலியை எடுத்துக்குங்க. முதல் சீசன் 25 எபிசோடு என்று ஆப்பில் இருக்கும். மாலிலும் அனிலிஸ்ட்டிலும் 2022 ஏப்ரலில் தொடங்கிய 12 எபிசோடு ஒரு பதிவு, அக்டோபரில் தொடங்கிய 13 எபிசோடு இன்னொரு பதிவு. ஆப்பில் 18ஆவது எபிசோடு பார்த்தவர் முதல் பதிவில் 18 என்று போட முயல்வார். அது 12க்கு மேல் ஏறாது. ‘சைட் சரியில்லை’ என்று திட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் செய்ய வேண்டியது, முதல் பதிவை முடித்ததாகக் குறித்து, இரண்டாவதில் 6 என்று போடுவது.

அட்டாக் ஆன் டைட்டனில் இது இன்னும் பெரிய அக்கப்போர். 25, 12, 12, 10, 16, 12 என ஆறு பதிவுகள், அதற்கு மேல் 2023இல் முடிந்த இறுதி ஸ்பெஷல்கள். மூன்றாம் சீசனுக்கே இரண்டு பதிவு. டிராக்ட் மாதிரியான தளங்களில் இதே தொடர் நான்கு சீசனாகத் தொகுக்கப்பட்டிருக்கும். அதனால் டிராக்ட்டிலிருந்து அனிலிஸ்ட்டுக்குப் பட்டியலை மாற்றும்போது முதல் சீசன்கள் சரியாக வந்து, பிந்திய பகுதிகள் விடுபடும் அல்லது தப்பான பதிவில் போய் உட்காரும். அனிமே மட்டும் பார்க்கிறவர் டிராக்ட்டில் தொடங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

டீமன் ஸ்லேயரில் வேறு மாதிரிக் குழப்பம். 2019இன் 26 எபிசோடுக்குப் பிறகு முகென் ரயில் கதை 2020இல் திரைப்படமாக வந்தது. அதே கதை 2021இல் 7 எபிசோடு டிவி வடிவமாகவும் வந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. எதைப் பார்த்தீர்களோ அதை மட்டும் குறியுங்க. இரண்டையும் குறித்தால் பார்த்த நேரக் கணக்கு ஊதிப் போகும். பிறகு 11, 11, 8 எபிசோடுகளாக மூன்று டிவி பகுதிகள், அதன்பின் 2025 செப்டம்பரில் தமிழ் டப்போடு நம் ஊர்த் தியேட்டர்களுக்கும் வந்த இன்ஃபினிட்டி காசில் படம். வரிசை தெரியாவிட்டால் அந்தந்தப் பதிவின் பக்கத்தில் முன்கதை, தொடர்ச்சி, கிளைக்கதை என்று உறவுப் பட்டியல் இருக்கும். தேடுபெட்டியில் பெயரைத் தட்டி முதலில் வருவதைக் குறிப்பதைவிட, முதல் சீசன் பக்கத்திலிருந்து ‘தொடர்ச்சி’யைப் பிடித்துக்கொண்டே போவது பிழையில்லாத வழி.

பெயர் ஒன்று, தொடர் வேறு என்பதும் உண்டு. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 2003இல் 51 எபிசோடு, பிரதர்ஹுட் 2009இல் 64. ஹன்டர் எக்ஸ் ஹன்டர் 1999இல் ஒன்று, 2011இல் 148 எபிசோடுகளோடு மற்றொன்று. குறிக்கும் முன் ஆண்டைப் பாருங்க, போதும்.

இனி டிவி தமிழ் டப் விஷயம். டோரேமானும் ஷின்சானும்தான் இங்கே பெரிய தலைவலி. டோரேமானில் 1979இல் தொடங்கிய தொடர் வேறு, 2005இல் தொடங்கிய தொடர் வேறு. நம் டிவியில் கதைகளை வரிசை மாற்றிப் போட்டார்கள். ஒரே அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று குட்டிக் கதைகள் வரும். 2005 தொடரும் 1992இல் தொடங்கிய ஷின்சானும் இன்னும் ஓடுகின்றன, ஆகவே மொத்த எண்ணிக்கை இடம் காலியாகவே இருக்கும். ‘முடித்தது’ என்று குறிப்பதில் அர்த்தமில்லை. இத்தனை எபிசோடு பார்த்தேன் என்று குத்துமதிப்பாக 300 போடுவதால் உங்கள் புள்ளிவிவரம்தான் பாழாகும். அனிலிஸ்ட்டில் ‘தமிழ் டிவி’ என்ற பெயரில் தனிப் பட்டியல் ஒன்று உருவாக்கி (அமைப்புகளில் பட்டியல்கள் பகுதியில் இந்த வசதி இருக்கிறது), அவற்றை அதில் போட்டு, நிலையை ‘நிறுத்தி வைத்தது’ என்றும் எபிசோடு எண்ணை 0 என்றும் விடுங்க. குறிப்புப் பெட்டியில் எந்தச் சானலில் எப்போது பார்த்தது என்று தமிழிலேயே எழுதலாம். எந்தத் தொடருக்குத் தமிழ் டப் இருக்கிறது என்று இந்தத் தளங்களில் தேடிப் பயனில்லை, அதை ஸ்ட்ரீமிங் ஆப்பின் மொழிப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். தமிழ் டப்பில் பார்த்தவற்றுக்கு நீங்களே ஒரு தனிப் பட்டியல் வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. மாலில் இதே வேலையை டேக் (குறிச்சொல்) போட்டுச் செய்யலாம், ஆனால் கைவேலை அதிகம்.

அனிலிஸ்ட்டை முன்னால் வைக்க இந்தத் தனிப் பட்டியல் வசதி ஒரு காரணம். இன்னொன்று மதிப்பெண் முறை. மாலில் 1 முதல் 10 வரை முழு எண் மட்டும். அனிலிஸ்ட்டில் நூற்றுக்கு, பத்துக்குத் தசமத்தோடு, பத்துக்கு, ஐந்து நட்சத்திரம், மூன்று முகக்குறி என ஐந்து முறைகள். இதில் ஒரு பொறி இருக்கிறது. சுலபமாக இருக்கிறதே என்று மூன்று முகக்குறியில் தொடங்கினால், உள்ளே அது 35, 60, 85 என்றுதான் சேமிக்கப்படுகிறது. இரண்டு வருஷம் கழித்து நூற்றுக்கு மாற்றினால் எல்லாத் தொடரும் இந்த மூன்று எண்ணுக்குள்தான் இருக்கும். பத்துக்குத் தசமத்தோடு என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்க. பின்னால் சுருக்குவது எளிது, விரிப்பது முடியாது. மாலுக்கு நகல் போகும்போது 8.5 என்பது முழு எண்ணாகிவிடும், அதைத் தவிர்க்க முடியாது.

தளத்தில் தெரியும் பொது மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலில் அது வெறும் சராசரி அல்ல. வாக்கு குறைவாக உள்ள தொடரின் மதிப்பெண், எல்லாத் தொடர்களின் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கப்படும்படி எடைபோட்டுக் கணக்கிடுகிறார்கள். தொடரில் ஐந்தில் ஒரு பங்காவது பார்த்ததாகக் குறித்தவரின் வாக்குதான் சேரும், அதாவது 25 எபிசோடு தொடருக்கு 5. அப்படியும் உச்சியில் இருப்பதைக் கீழே இழுக்க 1 போடும் ரசிகர் கூட்டம் எப்போதும் உண்டு. இரண்டாம், மூன்றாம் சீசன்களின் மதிப்பெண் முதல் சீசனைவிட உயர்ந்திருப்பதையும் பார்ப்பீர்கள். பிடிக்காதவர்கள் முதல் சீசனிலேயே கழன்றுவிடுவதுதான் காரணம், தரம் கூடியது என்று அர்த்தமில்லை. அனிலிஸ்ட்டின் நூற்றுக்கு 78ஐயும் மாலின் 7.8ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீங்க, வாக்களிக்கும் கூட்டமும் கணக்கும் வேறு. அடுத்து என்ன பார்க்கலாம் என்று முடிவு செய்ய அனிலிஸ்ட்டின் டேக்குகள்தான் உதவும். ஒவ்வொரு டேக்குக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்று சதவீதம் இருக்கிறது, கதையை உடைக்கும் டேக்குகள் மறைத்து வைக்கப்படுகின்றன. ஆட்களே கைப்பட எழுதிய பரிந்துரை வேண்டுமென்றால் அனிமே பிளானட் நல்ல இடம். 2001இலிருந்து இருக்கிறது, ‘இதைப் பார்க்கப்போவதில்லை’ என்று குறிக்கும் நிலையும் அங்கே உண்டு. பரிந்துரையில் திரும்பத் திரும்ப வரும் தொடரை ஒதுக்க அது அருமையான வசதி.

மாலை ஏன் நகலாகவாவது வைக்கச் சொல்கிறேன்? மற்றத் தளங்களும் ஆப்களும் ஒன்றோடொன்று பேச மால் எண்ணைத்தான் (ஒவ்வொரு பதிவுக்கும் மால் கொடுத்திருக்கும் எண்) பொது அடையாளமாகப் பயன்படுத்துகின்றன. அனிலிஸ்ட்டும் தன் பதிவுகளில் மால் எண்ணைச் சேர்த்து வைத்திருக்கிறது. உங்கள் பட்டியலை வெளியே எடுக்கும்போது மால் தரும் எக்ஸ்எம்எல் கோப்பை ஏறக்குறைய எல்லாத் தளமும் ஏற்கும். மாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. 2018 மே மாதம் பாதுகாப்புச் சிக்கலால் மால் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. திரும்பி வந்த பிறகும் வெளி ஆப்களுக்கான வாசல் நெடுங்காலம் அடைத்தே இருந்தது, ஃபோனில் ஆப் வழியாகக் குறித்து வந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். எந்தத் தளத்துக்கும் இது நேரலாம்.

மாற்றும் வேலை இப்படி. மாலில் நுழைந்து ஏற்றுமதிப் பக்கத்துக்குப் போங்க. அனிமே பட்டியல் தனி, மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) பட்டியல் தனி, இரண்டையும் எடுக்க வேண்டும். மங்காவை மறந்துவிட்டுப் பழைய கணக்கை அழித்தவர்கள் உண்டு. வரும் கோப்பு எக்ஸ்எம்எல் தான், ஆனால் ஜிஇசட் முறையில் அமுக்கப்பட்டிருக்கும். அப்படியே அனிலிஸ்ட்டில் ஏற்றினால் பிழை காட்டும். கணினியில் 7-ஜிப், ஆண்ட்ராய்டில் இசட்ஆர்ச்சிவர் வைத்துப் பிரித்து, உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லை ஏற்றுங்க. அனிலிஸ்ட் அமைப்புகளில் பட்டியல் இறக்குமதிப் பகுதி இருக்கிறது. அங்கே ஏற்கெனவே உள்ளவற்றின் மேல் எழுதலாமா என்று கேட்கும். புதுக் கணக்கென்றால் எதுவானாலும் சரி. அனிலிஸ்ட்டில் ஏற்கெனவே குறித்திருந்தால் மேலெழுத விடாதீங்க, தசமத்தில் போட்ட மதிப்பெண்ணெல்லாம் முழு எண்ணாகத் திரும்பிவிடும்.

இறக்குமதி முடிந்ததும் எத்தனை பதிவு வந்தது என்று இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிடுங்க. இரண்டு மூன்று குறைந்தால் அவை பெரும்பாலும் இரு தளங்களும் வேறுவேறாகப் பிரித்த ஸ்பெஷல்களும் குறும்படங்களும்தான், கையால் சேர்த்துவிடலாம்.

எதிர்த் திசையில், அதாவது மாலுக்குள் இறக்கும்போது, பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு பதிவுக்கும் ‘அப்டேட் ஆன் இம்போர்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் 0 இருந்தால், ஏற்கெனவே பட்டியலில் உள்ள தொடரை மால் தொடாது. ‘ஏற்றினேன், எதுவும் மாறவில்லை’ என்ற புகாருக்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். நோட்பேடில் கோப்பைத் திறந்து, அந்த வரியில் உள்ள 0 எல்லாவற்றையும் 1 ஆக மாற்றிச் சேமித்து ஏற்றுங்க. அந்த வரியை முழுதாகக் கொடுத்துத் தேடி மாற்ற வேண்டும், வெறும் 0ஐத் தேடி மாற்றினால் எபிசோடு எண், தேதி எல்லாம் நாசம்.

அனிலிஸ்ட்டிலிருந்து எக்ஸ்எம்எல் எடுக்கத்தான் வெளிக் கருவி தேவைப்படும். அதைவிட நல்லது, கணினி உலாவியில் மால்-சிங்க் என்ற நீட்சியைப் போட்டு இரண்டு கணக்கையும் இணைப்பது. ஸ்ட்ரீமிங் தளத்தில் எபிசோடு ஓடும்போதே தானாகக் குறிக்கும். பட்டியல்களை ஒத்திசைக்கும் பகுதியும் அதில் உண்டு, அங்கே எது தலைமை என்று சரியாகத் தேர்ந்தெடுங்க. காலிப் பட்டியலைத் தலைமையாக வைத்துவிட்டு நிறைந்த பட்டியலோடு விளையாட வேண்டாம். மாதம் ஒருமுறை மாலின் எக்ஸ்எம்எல்லை எடுத்துத் தேதியோடு பெயரிட்டு ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தால், எந்தத் தளம் மூடினாலும் கவலையில்லை.

பழைய தொடர்களை மொத்தமாகச் சேர்க்கும்போது இரண்டு எச்சரிக்கை. அனிலிஸ்ட்டில் ‘முடித்தது’ என்று குறித்ததும் அன்றைய தேதியை முடித்த தேதியாகப் போட்டுவிடும். பத்து வருஷம் முன்னால் பார்த்ததெல்லாம் இந்த வாரம் பார்த்ததாகப் புள்ளிவிவரத்தில் வரும். தேதியைக் காலி செய்துவிட்டுச் சேமியுங்க. கூடவே உங்களைப் பின்தொடர்பவர்களின் திரை முழுக்க உங்கள் பதிவுகளாக ஓடும், அதனால் அமைப்புகளில் பட்டியல் மாற்றத்தை அறிவிக்கும் வசதியை அந்தச் சமயத்துக்கு நிறுத்தி வைத்துவிடுங்க.

மறுபடி பார்க்கும்போது ‘பார்க்கிறேன்’ என்று மாற்றாதீங்க, முடித்த கணக்கு கலைந்துவிடும். அனிலிஸ்ட்டில் அதற்குத் தனி நிலை உண்டு, மாலில் திருத்தும் பக்கத்தில் மறுபார்வைக்கு ஒரு டிக் பெட்டி.

ஃபோன் விஷயத்தில் மாலுக்கு ஒரு மதிப்பெண் கூட. அதற்குச் சொந்த ஆப் இருக்கிறது. அனிலிஸ்ட்டுக்குச் சொந்த ஆப் கிடையாது, ஒட்ராக்கு, அனிஹியோ போன்ற வெளி ஆப்களோ உலாவியோதான். ஆழியாறு தாண்டி வால்பாறை பஸ்ஸில் 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது சிக்னல் விட்டு விட்டு வரும். அந்த நேரம் கூட்டல் குறியைத் தட்டி, மாறவில்லையே என்று மறுபடி தட்டினால் இரண்டாக ஏறியிருக்கும். மேலே போய்ச் சேர்ந்த பிறகு குறிப்பது நல்லது.

வாராவாரம் வரும் தொடர்களுக்கு நேரக் கணக்கு தெரிய வேண்டும். ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே நள்ளிரவு தாண்டிய ஒளிபரப்பை 24, 25 மணி என்று எழுதும் வழக்கம் உண்டு. சனிக்கிழமை 25:30 என்றால் ஜப்பானில் ஞாயிறு அதிகாலை 1:30, நமக்கு சனி இரவு 10:00. அனிலிஸ்ட்டிலும் லைவ்சார்ட் என்ற ஒளிபரப்பு அட்டவணைத் தளத்திலும் அடுத்த எபிசோடுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று ஓடும் கடிகாரம் இருக்கிறது. அது பெரும்பாலும் ஜப்பான் ஒளிபரப்பைக் குறிப்பது. இந்தியாவில் ஆப்பில் ஏறப் பிறகும் நேரம் ஆகலாம், டப் இன்னும் பின்னால்தான் வரும். தமிழ் டப்பில் பார்க்கிறவர் அந்தக் கடிகாரத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பதே மேல். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு பருவம், பருவத்துக்குப் பத்து முதல் பதின்மூன்று எபிசோடு. பருவம் தொடங்கும் முன் புதியவற்றை ஒரே பக்கத்தில் பார்க்க லைவ்சார்ட் போதும், அதற்குக் கணக்குக்கூட வேண்டாம்.

கடைசியாக ஹார்டு டிஸ்க். அனிடிபி 2002இலிருந்து இருக்கும் தளம், தோற்றமும் அந்தக் காலத்துடையதுதான். அது தொடரை மட்டுமல்ல, கோப்பையே பதிவு செய்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து இடி2கே என்ற கைரேகை எண் ஒன்றைக் கணக்கிட்டு, எந்தத் தொடர், எந்த எபிசோடு, எந்த வெளியீடு என்று சொல்லும். கோப்புக்கு ‘புதுசு 3’ என்று பெயர் வைத்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் பெயர் மாறினாலும் கைரேகை மாறாது. ஆனால் உள்ளே கை வைத்தால் மாறிவிடும். அளவைச் சுருக்கினாலோ, சப்டைட்டிலைக் கோப்புக்குள் சேர்த்தாலோ, தமிழ் ஒலித்தடத்தைச் சேர்த்தாலோ அனிடிபிக்கு அது தெரியாத கோப்பு. சொந்த ப்ளூரேயிலிருந்து எடுத்ததும் அப்படித்தான். அவற்றைக் கோப்பாக இல்லாமல், பொதுப் பதிவாக எபிசோடு எண்ணைக் கொடுத்துக் கையால் சேர்க்க வேண்டும்.

ஷோக்கோ என்ற நிரல் இந்த வேலையைத் தானாகச் செய்து, ஜெல்லிஃபின் (சொந்த வீடியோக்களை அடுக்கி ஓட்டும் நிரல்) நூலகத்தோடு இணைத்துத் தரும். அவசரப்படாதீங்க. அனிடிபி நீண்ட ஓட்டத்தில் நான்கு விநாடிக்கு ஒரு கேள்விதான் அனுமதிக்கிறது. 1000 கோப்பென்றால் கோப்புக்கு ஒரு கேள்வி வைத்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல், உண்மையில் அதைவிடக் கூடும். இரண்டு நிரலை ஒன்றாக ஓடவிட்டாலோ, நின்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தொடங்கினாலோ உங்கள் இணைப்பைத் தடை செய்துவிடுவார்கள். தடை விழுந்தால் நிரலை மூடி வைத்துவிட்டு மறுநாள் பாருங்க, நடுவே தட்டிக்கொண்டே இருந்தால் தடை நீளும். விடுதி வைஃபையில் எல்லாருக்கும் ஒரே ஐபி முகவரி என்றால் பக்கத்து அறைக்காரரின் வேலைக்கும் நீங்கள் மாட்டிக்கொள்ளலாம். அந்த வேலையைக் கோபியில் வீட்டு இணைப்பில், லீவில் போகும்போது ஓடவிடுங்க.

அனிடிபியில் மங்கா கிடையாது. மங்காவும் கொரிய மன்வாவும் நிறையப் படிக்கிறவர் என்றால் அனிலிஸ்ட்டே பெரும்பாலும் தாங்கும், அத்தியாய வெளியீட்டு விவரம் நுணுக்கமாக வேண்டுமென்றால் மங்கா அப்டேட்ஸ். தம்பியின் கேள்வியில் மங்கா இல்லாததால் அதற்குள் நான் போகவில்லை.